"எங்கட ஒழுங்கையை ஒருக்கா காட்டுவீங்களா?"

திருகோணமலை திருக்கடலூரில் என் வீடு. அப்பா கரைவலைக்காரர். வலையில் வந்த மீனில் சந்தைக்குப் போகாமல் மிஞ்சியதை அம்மா கீறி, உப்புப் போட்டு, வெயிலில் காய வைப்பார். அந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன். கணவருக்கு நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. எங்கள் கரைக்கு வெளிநாட்டவர் வருவது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரைதான். வாடைக்காற்று தொடங்கினால் ஹோட்டல்கள் வெறிச்சோடிவிடும், சம்பளமும் பாதியாகும். வெயில் காலத்தில் காய வைத்த கருவாட்டை மாரியில் விற்றால் அந்த மாதங்களைக் கடத்தலாம் என்று நினைத்துத்தான் 2018 இல் முகநூலில் ஒரு பக்கம் திறந்தேன். கட்டா, திருக்கை, நெத்தலி, அதோடு வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள். வேறொன்றும் இல்லை.

இன்று அந்தப் பக்கத்தில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். யூடியூபில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு எண்ணே இல்லை. ஆனால் அவர்களில் முந்நூறு பேரளவில் எனக்குப் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லித் தெரியும். நான் காய வைக்கும் கருவாடு முழுவதும் அவர்களிடமே போய்விடுகிறது. மார்கழி வருமுன் தட்டுக்கள் காலி. சொந்தமாகத் தொழில் தொடங்கும் தங்கச்சிமார் பலர் "எப்படி அக்கா இவ்வளவு காலமாக உங்களோடயே நிற்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்வதை விட, நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பூ வைத்த சட்டகத்துக்குள் கருவாட்டுப் படம், கீழே விலை, கீழே தொலைபேசி எண். இரண்டு மாதம் கழித்து ஒரு குலுக்கல் வைத்தேன். பக்கத்துக்கு லைக் போட்டு மூன்று நண்பர்களை டெக் பண்ணினால் ஒரு கிலோ கட்டாக் கருவாடு பரிசு. பத்து நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பரிசு விழுந்தவர் வீட்டில் கருவாடு சமைப்பதில்லையாம், அதற்குப் பதில் பணம் தரலாமா என்று கேட்டார். அடுத்த வாரம் புதிதாகக் காய்ந்த நெத்தலிப் படத்தைப் போட்டேன். ஆயிரம் பேர் சேர்ந்த பக்கத்தில் பதினொரு லைக். ஒரு கேள்வி கூட இல்லை.

கணினி படித்த என் மருமகன்தான் காரணத்தை விளக்கினான். 2017 கடைசியிலேயே, லைக் போடு, டெக் பண்ணு என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளப் போவதாக முகநூல் நிறுவனம் அறிவித்திருந்தது. 2018 ஜனவரியில், வியாபாரப் பக்கங்களை விட நண்பர், உறவினர் பதிவுகளுக்கும், ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கும் முன்னிடம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அதற்கு நேர்மாறாகப் போய்க்கொண்டிருந்தேன். பேச எதுவுமில்லாத ஆயிரம் பேரை நானே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன்.

அந்த ஆவணியில் ஒரு நாள் விடிய எழும்பிப் போனைப் பார்த்தபோது இன்பொக்ஸில் ஒரு செய்தி இருந்தது. கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒரு அக்கா. "தங்கச்சி, கருவாடு இங்கயும் கிடைக்குது. நீங்க திருக்கடலூர் எண்டு போட்டிருக்கு. மனையாவெளிக்குப் போய் வாறனீங்களோ? எங்கட ஒழுங்கையை ஒருக்கா காட்டுவீங்களா?"

அவர் 1986 இல் ஊரை விட்டவர். வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ஒழுங்கை என்ற அந்தச் சின்னத் தெருவும், முடக்கில் இருந்த கிணறும், அதற்குப் பக்கத்து வேம்பும் மட்டும் போதும் என்றார். எனக்கு இதில் ஒரு சதமும் வரப்போவதில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியை வாசித்த பிறகு போகாமல் இருக்க மனம் வரவில்லை. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றை ஒரு கொங்கிரீட் மூடியால் மூடியிருந்தார்கள். வேம்பு நின்றது. போனைக் கையில் பிடித்தபடி மெதுவாக நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே நாலு நிமிடம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஆறு நிமிட வொய்ஸ் வந்தது. என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். இந்தப் படலைக்குள் இன்னார் இருந்தார், இந்த மதிலுக்குப் பின்னால் ஒரு தையல் வகுப்பு நடந்தது, இந்த முடக்கில் விழுந்துதான் முழங்காலில் தழும்பு வந்தது என்று வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு போனார். குசினியில் நின்றபடியே இரண்டு தரம் கேட்டேன். பிறகு, அவர் பெயர் சொல்லாமல் வீடியோவை மட்டும் பக்கத்தில் போடலாமா என்று கேட்டேன். போடுங்கோ என்றார்.

அந்தப் பதிவின் கீழே அன்றுவரை ஒரு சொல்லும் பேசாதவர்கள் பேசினார்கள். "இந்தக் கிணத்தில நானும் தண்ணி அள்ளினனான்" என்று பிரான்ஸிலிருந்து ஒருவர். "மூன்றாவது வீட்டு ரீச்சர் இப்ப எங்க?" என்று இன்னொருவர். அந்த ரீச்சரின் மகளே வந்து பதில் சொன்னார். முப்பது வருடமாகத் தொடர்பு விட்டுப்போன இரண்டு பேர் என் கருவாட்டுப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள். அன்று ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஏழு ஓடர் வந்தது. ஏழும் வெளிநாட்டிலிருந்து. சாமான் போகவேண்டிய இடமோ இங்கேயே: உவர்மலையில் இருக்கும் அம்மா, பாலையூற்றில் இருக்கும் சின்னம்மா, அன்புவழிபுரத்தில் தனியாக இருக்கும் பெரியப்பா. எனக்குப் பெரிய வழி திறந்தது அங்கேதான்.

அதன் பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். ஆளுக்கு அரைப் பக்கம். பெயர், ஊர், அவரை நான் எப்படிக் கூப்பிட வேண்டும், வீட்டில் யாருக்கு என்ன சாப்பாடு, நான் அவருக்கு என்ன சொல்லியிருக்கிறேன். இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். "அடுத்த கிழமை வாளைக் கருவாடு வந்ததும் சொல்கிறேன்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு மறந்தால், அவர் திரும்பக் கேட்கமாட்டார், பேசாமல் விலகிவிடுவார். வட்ஸ்அப் பிஸ்னஸில் ஆட்களுக்கு அடையாளச் சீட்டுப் போடும் வசதி இருக்கிறது, அதையும் வைத்திருக்கிறேன். ஆனால் கையால் எழுதினால்தான் எனக்கு ஆள் மனதில் நிற்கிறார்.

எப்படிக் கூப்பிடுவது என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். எழுபது தாண்டிய ஒருவரை நான் அம்மா என்று விளித்து வந்தேன். அவருடைய பதில் எப்போதும் ஒரு சொல்லோடு முடியும். பிறகுதான் தெரிந்தது, அவர் இந்த ஊரில் முப்பது வருடம் படிப்பித்தவர். ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அடுத்த தடவை ரீச்சர் என்றேன். அன்றைக்குத்தான் தன் கால் வலியைப் பற்றி முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

புதிதாக ஒருவர் எழுதினால் முதல் பதிலை வொய்ஸாகவே போடுவேன். ஒரு நிமிடத்துக்குள். பின்னால் கோழி கூவினாலும் பரவாயில்லை. வயதானவர்களுக்கு தட்டச்சு செய்வது கஷ்டம், நம் குரலைக் கேட்டால் அவர்களும் குரலில் பேசுவார்கள். குரலில் பேசத் தொடங்கிய ஒருவர் பேரம் பேசி நான் கண்டதில்லை.

பதில் போடும் நேரத்துக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். நாள் முழுவதும் போனும் கையுமாக இருந்தால் மீன் கெட்டுவிடும். காலை ஐந்தரை, மாலை ஐந்தரை என்று இரண்டு நேரம் வைத்திருக்கிறேன். கோடையில் நமக்கும் டொரன்டோவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், லண்டனுக்கு நாலரை. நமக்கு விடிய ஐந்தரை என்றால் டொரன்டோவில் முதல் நாள் இரவு எட்டு. சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருப்பார்கள். நமக்குப் பின்னேரம் ஐந்தரை என்றால் லண்டனில் பகல் ஒரு மணி, மதியச் சாப்பாட்டு இடைவேளை. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அப்போது நானும் நேரத்தை மாற்றிக்கொள்வேன். இது சின்ன விஷயம். ஆனால் "எழுதினால் அந்த நேரத்துக்குள் பதில் வரும்" என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதால், நான் பேசாமல் இருக்கும் மற்ற நேரத்தை யாரும் குறையாக எடுப்பதில்லை.

2019 ஏப்ரல் 21 இல் ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. அன்றே முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன, மாத முடிவு வரை அப்படித்தான். சீசன் தொடங்கவிருந்த நேரம் ஹோட்டல் காலியானது, கணவரை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பக்கமும் இல்லை, இன்பொக்ஸும் இல்லை. என்னிடம் இருந்தது கொப்பி மட்டும். அதில் ஊரில் இருக்கும் அம்மாமாரின் தொலைபேசி எண்கள் இருந்தன. ஒவ்வொருவராக எடுத்தேன். விற்க எதுவும் இல்லை. "நல்லா இருக்கிறீங்களோ? கடைக்குப் போக ஆள் இருக்கோ?" என்று மட்டும் கேட்டேன். ஒரு அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை முடிந்திருந்தது, என் மகன் போய் வாங்கிக் கொடுத்தான்.

முடக்கம் நீங்கியபோது வந்த செய்திகளை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அம்மாமார் தங்கள் பிள்ளைகளிடம் நான் எடுத்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இன்றும் என்னோடு இருக்கிறார்கள். எனக்கு இருக்கும் முந்நூறில் பாதி அந்தப் பத்து நாளில் உறுதியானவர்கள் என்று சொல்வேன்.

அதனால் புதிதாகத் தொடங்குபவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்வேன்: எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். முகநூல் பக்கம் நமக்குச் சொந்தமான கடை இல்லை, யாரோ எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஆகவே முதல் பார்சல் கொடுக்கும்போதே "என்ர நம்பரைப் போட்டு வையுங்கோ" என்று நேரில் சொல்லி, முடிந்தால் நாமே அவர்கள் போனில் பதிந்து கொடுத்துவிட வேண்டும். குழு தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. குழுவில் ஒருவர் பேசினால் தொண்ணூறு பேருக்கு மணி அடிக்கும், வயதானவர்கள் பயந்து வெளியே போய்விடுவார்கள்.

குறை சொல்பவரை எப்படி நடத்துகிறோம் என்பதை மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை நெத்தலியில் மண் கடிபடுகிறது என்று ஒரு அக்கா கொமென்டில் எழுதினார். அழித்துவிட்டு இன்பொக்ஸில் பேசலாம் என்று மருமகன் சொன்னான். நான் விட்டுவைத்தேன். உண்மையில் அப்போது எங்கள் வளவில் மணலுக்கு மேல் சாக்கு விரித்துத்தான் காய வைத்தோம், காற்றுக்கு மண் ஏறும். கணவரும் நானும் இடுப்பளவு உயரத்தில் தடிகள் நட்டு, வலைத் தட்டுக்கள் கட்டி, மேலே ஈ வராமல் இன்னொரு வலை போட்டோம். முடித்ததும் அந்த அக்காவின் கொமென்டுக்குக் கீழேயே படத்தைப் போட்டு, "நீங்கள் சொன்னதால்தான் இது" என்று எழுதினேன். தட்டுக்குக் கீழாலும் மேலாலும் காற்று போவதால் இப்போது ஒரு நாள் முந்தியே காய்கிறது.

விற்கக் கூடாத இடத்தில் விற்காமல் இருக்கவும் வேண்டும். உவர்மலையில் ஒரு ஐயாவுக்கு பிரஷர். ஆசையில் மாதா மாதம் கருவாடு எடுத்தார். மகளுக்கு நானே வொய்ஸ் போட்டேன்: மாதா மாதம் வேண்டாம், கொடுத்தாலும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள், டொக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று. கருவாட்டு ஓடர் குறைந்தது. கறித்தூள் மட்டும் இன்றுவரை அந்த வீட்டுக்குப் போகிறது.

இனி நான் செய்த பெரிய பிழை. இதை எழுதக் கை தயங்குகிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது.

2021 இல் சுவிஸிலிருந்து ஒரு மகன் தன் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி கேட்டார். கருவாடு, தூள், பயற்றம் பணியாரம், ஒரு சேலை. கொண்டுபோய்க் கொடுத்தபோது அம்மா விறாந்தையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டார். மகனுக்கு அனுப்பத்தான் எடுத்தேன். மகனிடம் கேட்டேன், பக்கத்தில் போடுங்கள் என்றார். போட்டேன். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஒரு கிழமையில் இரண்டாயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அவ்வளவு பேர் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. நான் அன்று சந்தோஷத்தில் நித்திரை கொள்ளவில்லை.

அடுத்த கிழமை அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். பழைய வீட்டுடுப்போடு, வெடித்த சுவருக்கு முன்னால், மூக்கைச் சிந்தி அழும் தன் முகத்தை சம்பந்தி வீட்டார் உட்பட எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்றார். சத்தம் போடவில்லை. "பிள்ளை, மகனட்டக் கேட்டனீங்கள். என்னட்டக் கேட்டனீங்களோ?" என்றார்.

நின்ற இடத்திலேயே அழித்தேன். ஆனால் அதற்குள் வேறு பக்கங்கள் எடுத்து, சோகப் பாட்டுச் சேர்த்துப் போட்டுவிட்டன. அவை இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மன்னிப்புக் கேட்க மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் தேத்தண்ணி தந்தார். இன்றும் சாமான் எடுக்கிறார், ஆனால் நான் போனை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதை நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த வீடியோவால் வந்த இரண்டாயிரம் பேரில் ஒருவர் கூட என் கொப்பியில் இல்லை. அன்றிலிருந்து, முகம் யாருடையதோ அவரிடமே கேட்கிறேன். எடுத்ததை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்போதே சரி என்றாலும் ஒரு நாள் பொறுத்து மறுபடி கேட்டுத்தான் போடுகிறேன். உதவியாகக் கொடுக்கும் சாமான் என்றால் படமே கிடையாது. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் ஃபைபர் படகுகள் கரையில் கிடந்தன, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. மீன் விலை, உப்பு விலை, மிளகாய் விலை எல்லாவற்றையும் பக்கத்தில் அப்படியே எழுதி, ஒரு பக்கெட்டில் எனக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் போட்டேன். விலை கூடியதற்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை. வாங்க முடியாதவர்களுக்காக நூறு கிராம் பக்கெட் போட்டேன். வெளிநாட்டில் சிலர் "எனக்குத் தெரியாத அம்மாவுக்கும் ஒரு பக்கெட் கொடுங்கள்" என்று காசு அனுப்பினார்கள். யாருக்குக் கொடுத்தேன் என்பதற்குப் படம் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். கணக்கை மட்டும் அனுப்பினேன். அவர் திரும்ப வரவில்லை. மற்றவர்கள் நின்றார்கள்.

ஒழுங்கை காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் ஒரு நாளில் ஐந்து இடம் ஓடினேன், வீட்டில் சமையல் நின்றது. இப்போது புதனும் சனியும் மட்டும், நாளுக்கு ஒரு இடம். வரிசையில் இருப்பவரிடம் எத்தனையாவது என்று சொல்லிவிடுவேன், காத்திருக்கிறார்கள். இதற்குக் காசு வாங்குவதில்லை. வாங்கினால் அவசரம் வரும், அவசரத்தில் நான் அந்த இடத்தைப் பார்க்கமாட்டேன்.

மறுக்கும் விஷயங்களும் உண்டு. இப்போது வேறு குடும்பம் இருக்கும் வீட்டின் படலைக்கு உள்ளே எடுக்கமாட்டேன். காணிப் பிரச்சினை உள்ள இடத்துக்குப் போகமாட்டேன். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசர் கோவிலுக்கு அதற்குள்ளால்தான் போக வேண்டும், எடுக்கக் கூடாத இடங்களில் போன் பைக்குள்தான் இருக்கும். அங்கே மான்களைக் காட்டுவேன், அதுவே பலருக்குப் போதும். கலியாணம் பேசும் குடும்பத்தைப் பற்றி விசாரித்துச் சொல்லச் சொல்லியும் நிறையப் பேர் கேட்பார்கள். அதற்கு ஒரே பதில்தான்: அது என்னால் ஏலாது அண்ணா. தெளிவாக மறுத்தால் யாரும் கோபிப்பதில்லை. இழுத்தடித்தால்தான் கோபிக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் ஒரு தங்கச்சியின் அப்பா படுக்கையில் இருந்தார். டச் பே கடல் சத்தம் விடிய எப்படி இருக்கும், அது மட்டும் வேண்டும் என்றாள். நான் பழக்கத்தில் அடியில் ஒரு வாத்தியம் சேர்த்து அனுப்பிவிட்டேன். "அக்கா, மியூசிக் இல்லாமத் தாங்கோ" என்று எழுதினாள். மறுநாள் ஐந்தரைக்குப் போய் ஈரமணலில் போனை வைத்துவிட்டு, மூச்சுக் கூட அடக்கி நின்றேன். அன்றிலிருந்து எந்த வீடியோவிலும் பாட்டுச் சேர்ப்பதில்லை. ஊரை விட்டுப் போனவர்களுக்குப் பின்னால் கேட்கும் ஓட்டோச் சத்தமும் காகமும் பாண் வண்டி மணியும்தான் வேண்டும்.

கட்டாரில் இருக்கும் கிண்ணியா நானா ஒருவர் பாதை, அதாவது ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவை, நின்ற இடத்தைக் கேட்டார். 2009 இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்கு அந்தப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். சின்ன வயதில் அவருடைய வாப்பாவோடு பாதைக்குக் காத்து நின்ற கதையைச் சொன்னார். நான் பாலத்தின் மேல் நின்று அந்தத் துறையைக் காட்டினேன். வரும் வழியில் தன் ராத்தா (அக்கா) வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார், போனேன். ராத்தா சட்டித் தயிர் போடுகிறார். இப்போது என் பக்கத்தில் அவருடைய தயிரைப் பற்றியும் எழுதுகிறேன், கிண்ணியாவில் என் தூளை அவர் கொடுக்கிறார். கமிஷன் என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை.

சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் எனக்கு வேறு வேலை ஓடாது. ஒழுங்கைகளில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். கூட்டத்தில் இணையம் இழுக்காது, நேரலை போட்டால் நின்று நின்று ஓடும். அதனால் எடுத்துவைத்து, யார் எந்த ஒழுங்கை என்று கொப்பியைப் பார்த்து, அவரவர் ஒழுங்கைக்குச் சாமி வந்த துண்டை மட்டும் வெட்டி அவரவருக்கு அனுப்புவேன். பக்கத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் முடியும் வேலை இப்படிச் செய்தால் இரண்டு இரவு எடுக்கும். எனக்கு அந்த இரண்டு இரவும் பாரமாகத் தெரிவதில்லை.

போன ஆவணியில் ஸ்காபரோ அக்கா வந்தார். வாடகை வானில், மகனும் மகளுமாக. பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், பேசக் கொஞ்சம் கூச்சம். எனக்கு மனதுக்குள் ஒரு பாரம் இருந்தது. அந்த வேம்பை முந்தின வருடமே வெட்டிவிட்டார்கள். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று. அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லாமலே ஒரு வருடம் போய்விட்டது. ஒழுங்கைக்குத் திரும்பும் முடக்கில் நின்று, "அக்கா, ஒண்டு சொல்ல வேணும்" என்றேன்.

"மரம் இல்லை, அதுதானே?" என்றார். "நீங்க அனுப்பின நகர்வல வீடியோவில பார்த்தனான் தங்கச்சி. சாமிக்குப் பின்னால வெறும் ஆகாயம் தெரிஞ்சுது. நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

எனக்குப் பேச வரவில்லை. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிணற்று மூடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அவருடைய பழைய வீட்டில் இப்போது இருக்கும் அம்மா படலையைத் திறந்து எட்டிப் பார்த்தார், யாரென்று விசாரித்தார், பிறகு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். நான் போனைப் பைக்குள் வைத்தேன். மகள் மட்டும் வாசல் படியில் நின்று, அம்மா சொன்ன தழும்புக் கதை நடந்த இடம் எது என்று என்னிடம் தமிழில் கேட்டாள். காட்டினேன்.

அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். எல்லோரும் போன பிறகு கொப்பியில் அவருடைய பக்கத்தை எடுத்தேன். "வேம்பு, கிணறு" என்று 2018 இல் பென்சிலால் எழுதியிருந்தது. அதற்குக் கீழே இரண்டு பிள்ளைகளின் பெயரையும் எழுதி, மகளுக்கு நெத்தலி உறைப்புக் குறைவாக என்று குறித்து வைத்தேன்.